தையல் பிரிந்துவிடும் என்று படுத்தே கிடக்கலாமா?

கேள்வி: மகளுக்கு சிசேரியன் ஆகி மூன்று நாள் ஆகிறது. தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கட்டிலைவிட்டு இறங்க மறுக்கிறாள், இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறாள். எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: மெதுவாக நடப்பதால் தையல் பிரியாது. படுத்தே கிடப்பதில்தான் ஆபத்து. பிரசவமான முதல் 6 வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும். கால் அசையாமல் கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உருவாகி, அது நுரையீரலுக்குப் போய் அங்குள்ள ரத்தக்குழாயை அடைத்துவிடலாம்.

மகளுக்கு வலிப்பது பெரும்பாலும் எழும் விதத்தால்தான். மல்லாந்தபடியே நேராக எழப் பார்த்தால் வயிற்றுத்தசை இறுகித் தையலை இழுக்கும். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்கச் சொல்லுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். உடனே நிற்கவேண்டாம். ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்றால் நிற்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். மருத்துவர் தந்த வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல் நேரத்துக்குக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

இருமலை அடக்கினால் சளி நெஞ்சிலேயே தங்கும். இருமல் வரும்போது சின்னத் தலையணையைத் தையல்மீது இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமட்டும். சிரிக்கும்போதும் தும்மும்போதும் இதே வழிதான்.

கட்டைப் பிரித்தபின், மருத்துவர் குளிக்கலாம் என்று சொல்லியிருந்தால், காயத்தின்மேல் தண்ணீர் வழிந்தோடலாம்; தேய்க்கக்கூடாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் வயிற்று மடிப்பு. தொங்கும் வயிறு தையலை மூடி ஈரம் தங்கினால் அங்கேதான் சீழ் பிடிக்கும். மடிப்பைத் தூக்கிப் பார்த்து, உலரவிட்டு, பிறகு துணி மாற்றுங்கள். பவுடர் வேண்டாம். தையலைச் சுற்றி மரத்துப்போனது போல் இருப்பது சகஜம். அது சரியாக மாதக்கணக்கில் ஆகலாம்.

குழந்தையைவிடக் கனமான எதையும் 6 வாரத்துக்குத் தூக்கவேண்டாம். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தால் தையலில் பாரம் விழாது.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, காயம் சிவந்து சூடாகிச் சீழோ வாடையோ வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும், நடு இரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.