பாடத்தை முடித்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

இணையவழி ஆய்வு முறைகளை முதுநிலை மாணவர்களுக்குக் கற்றுத்தர ஒரு இணையப் பயிற்சியைத் தயாரித்துவரும் ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "12 பாடங்கள் திட்டமிட்டிருக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம்? பயிற்சி உண்மையில் பயன்பட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கடைசியில் ஒரு கருத்துப் படிவம் வைத்தால் போதுமா?"

போதாது. படிவம் இருக்கட்டும், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, செய்யும் விதம் மாறியதா, அதனால் என்ன பலன் வந்தது. கருத்துப் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடும். "மிகவும் பயனுள்ள பயிற்சி" என்று எழுதிக்கொடுத்த மாணவரே, மறுவாரம் தன் சர்வே லிங்க்கை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வந்த 300 பதில்களை 'மக்கள் கருத்து' என்று எழுதக்கூடும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது படியை.

தொடக்கமும் அங்கேதான் இருக்கிறது. பாடத் தலைப்புகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இணையத்தில் தரவு திரட்டிய பழைய ஆய்வேடுகள் பத்தை எடுத்து, எங்கெங்கே சறுக்கியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், பதில் சொன்னவரின் அடையாளத்தைக் காத்தார்களா என்ற மூன்றுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். அப்புறம் 12 பாடங்கள் ஐந்தாறாகச் சுருங்கினால் வருத்தப்படாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கு 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டுச் சுமார் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பதில்கள் எத்தனை வந்தாலும், பதில் சொன்னவர்கள் எல்லா வாக்காளர்களையும் போன்றவர்களாக இல்லை. இதைச் சொல்லிவிட்டு, மாணவரின் சொந்த சர்வே லிங்க் யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகவே போகாது என்று எழுதச் சொல்லுங்கள்.

அடையாளம் காப்பதை விளக்கவுரையால் கற்றுத்தர முடியாது. செய்துபார்க்க வைக்க வேண்டும். பெயரை நீக்கிவிட்டு, பொதுவெளிப் பதிவிலிருந்து ஒரு வரியை மட்டும் மேற்கோளாகக் கொடுங்கள். அதை அப்படியே தேடுபொறியில் ஒட்டச் சொல்லுங்கள். பல நேரம் முதல் முடிவிலேயே அசல் பதிவும் எழுதியவரின் கணக்கும் வந்து நிற்கும். (இதற்காக வேறு யாருடைய பதிவையும் எடுக்காதீர்கள், நீங்களே எழுதிய பதிவாக இருக்கட்டும்.) இப்படிச் செய்துபார்த்த ஒரு மாணவி கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, "என் ஆய்வேட்டில் இதுபோல நாற்பது மேற்கோள் இருக்கிறது" என்றார். நான் அதற்கு முன் நடத்திய ஒரு மணி நேர வகுப்பு செய்யாததை அந்த அரை நிமிடம் செய்தது. 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் பெயர்களுக்குப் பதில் எண்களிட்டு, சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல் பதிவுகளை வெளியிட்டதும், பத்திரிகையாளர்கள் தேடல் சொற்களை வைத்தே ஒருவரை அடையாளம் கண்டதும் இதன் பிறகு சொன்னால் மனதில் ஏறும்.

முதல் பாடம் தயாரானதும் அடுத்ததற்குப் போகாமல் ஐந்து பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பாருங்கள். உதவி செய்யாதீர்கள், நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பயன்பாட்டுக் கோளாறுகளில் பெரும்பகுதியைக் கண்டுபிடிக்க ஐந்து பேரே போதும் என்பது இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சனின் கணக்கு. அவர்களில் இருவராவது கைபேசியில் திறக்கட்டும். கணினியில் அழகாகத் தெரிந்த, ஐந்து பதில் கட்டங்கள் கொண்ட அட்டவணைக் கேள்வியில், கைபேசியில் முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே கண்ணில் படலாம். மற்றவை இருப்பதே தெரியாமல் அந்த இரண்டில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

சரி, கற்றார்களா என்பதை எப்படி அளப்பது? பிழைகள் நிறைந்த ஒரு கேள்விப் பட்டியலைப் பயிற்சிக்கு முன் திருத்தச் சொல்லுங்கள். "வகுப்புகள் எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தனவா?" என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, இதுபோன்றவை அதில் இருக்கட்டும். முடிந்தபின் அதே கடினத்தில் வேறொரு பட்டியல் கொடுங்கள். எது முன், எது பின் என்று தெரியாத இருவர் மதிப்பெண் போடட்டும். மூன்று மாதம் கழித்து, மாணவர்கள் உண்மையில் அனுப்பிய சர்வேயையும் ஒப்புதல் படிவத்தையும் கேட்டு வாங்கி அதே அளவுகோலில் பாருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் செலவிட்ட நேரத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். திறந்துவைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். எந்தப் பக்கத்தில் பலர் பாதியிலேயே விட்டுப் போகிறார்கள் என்பது மட்டும் உதவும்.

பராமரிப்பையும் இப்போதே யோசியுங்கள். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. ஃபேஸ்புக் போன்ற தளங்களின் பொதுப் பதிவுகளைத் தேட ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் கருவி அதே ஆண்டு ஆகஸ்டில் மூடப்பட்டது. அதனால் மாறாத கொள்கைகளை ஒரு பக்கத்திலும் கருவிகளையும் லிங்க்குகளையும் தனிப் பக்கத்திலும் வையுங்கள். கருவிப் பக்கத்தின் தலையில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்கப் பொறுப்பேற்றவரின் பெயரும் இருக்கட்டும். அந்தப் பெயரைத் தளம் வெளியாகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.