உப்புக் காற்றில் ரோஜா: கேள்வி – பதில்

தை மாதக் கடைசியில் எங்கள் ரோஜா வளர்ப்போர் சங்கத்தின் பூக்கண்காட்சி முடிந்ததிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலோரத்து ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மாடியில் பத்துத் தொட்டிகளில் ரோஜா வைத்திருக்கிறேன். இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலக் காய்கிறது. சத்துக் குறைவு என்று கடையில் சொன்னார்கள். உரம் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. என்ன செய்வது ஐயா?
– பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி

அம்மா, முதலில் உரத்தை நிறுத்துங்கள். அப்புறம் தொட்டியைப் பாருங்கள். மண் தொட்டி என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீரில் இருந்த உப்புதான் அது. தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே வரும். ரசாயன உரமும் உப்பு வகைதான் என்பதால், உரம் போட்டதும் நிலைமை மோசமானதில் வியப்பில்லை. வேரைச் சுற்றி உப்பு கூடிவிட்டால், மண் ஈரமாக இருந்தாலும் செடியால் தண்ணீரை இழுக்க முடியாது. இலையின் நுனியும் ஓரமும்தான் முதலில் காயும்.

ரோஜா உப்புத் தாங்காத செடி. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் ஈ.சி. (மின்கடத்துதிறன், மில்லிசீமென்ஸ் கணக்கில்) என்று ஓர் அளவு சொல்வார்கள். தண்ணீரின் ஈ.சி. 1-க்குள் இருந்தால் கவலையில்லை. 2-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை ரோஜாவுக்கு மறந்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் தொட்டியை அடிக்கடி அலச வேண்டும். பேனா மாதிரி ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். ரோஜா வளர்ப்பவர் கையில் கவாத்துக் கத்தரிக்கு முன்னால் இருக்க வேண்டியது இந்தக் கருவிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஓசூரிலிருந்து 12 ஒட்டுச் செடிகள் வாங்கி வந்து, உச்சிப்புளியில் எங்கள் வீட்டு முன்னால் வரிசையாக வைத்தேன். போர்த் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினேன். வைகாசி முடிவதற்குள் 11 செடிகள் போய்விட்டன. மிஞ்சிய ஒன்று, என் மனைவி குடிதண்ணீர்க் குடம் கழுவி ஊற்றுகிற மூலையில் இருந்தது. அந்தச் செடிதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். நம் மணல் கரையில் மழைத் தண்ணீர், எடை குறைவு என்பதால், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதனால்தான் நம் பெரியவர்கள் மணலில் ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டினார்கள். போரை ஆழமாக இறக்க இறக்க உப்பு ஏறுவதும் அதனால்தான். பக்கத்தில் ஆழமில்லாத கிணறோ ஊரணியோ இருந்தால் அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். நல்ல தண்ணீர் கிடைத்ததும், ஒவ்வொரு தொட்டியிலும் அந்தத் தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியாக வடியவிடுங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், வடிந்த உப்பைச் செடி திரும்ப உறிஞ்சக் கூடாது. ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டிகளைத் திறந்த வெளியில் வைத்தால் மழையே இந்த வேலையைச் செய்துவிடும்.

தொட்டிக் கலவையில் தேங்காய் நார்க்கழிவு போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, ரோஜாவுக்கு ஊற்றலாமா? ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணீர்?
– கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது. குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவப் பயன்படுத்துங்கள். ஏ.சி. தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு இல்லை. கீழக்கரையில் ஏ.சி. இல்லாத தெரு குறைவு, ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள்.

மழைத் தண்ணீரையும் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டர் தளத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர அடி மாடி என்றால் ஏறத்தாழ 46 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 460 லிட்டர் ஆயிற்று. முதல் மழையில் தளத்தின் தூசியும் உப்பும் வரும், அதை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

கவாத்து எப்போது செய்ய வேண்டும்? புத்தகங்களில் அக்டோபர் என்று இருக்கிறது. போன வருடம் அப்படிச் செய்து, வெட்டிய கிளையெல்லாம் கறுத்துப் போனது.
– தொண்டியிலிருந்து

நமக்கு அக்டோபர் சரிவராது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. வெட்டிய வாயில் மழை நின்றால் பூஞ்சணம் புகுந்து, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக்கொண்டே வரும். அதற்கு நுனிக்கருகல் என்று பெயர். தொண்டிக்கு வாடைக்காற்றும் நேராக அடிக்கும். புதுத் துளிருக்கு உப்புச் சாரல் பட்டால் தாங்காது.

எங்கள் சங்கத்தில் மார்கழி முதல் வாரத்தில் கவாத்து செய்கிறோம். மழை ஓய்ந்திருக்கும், குளிர்ச்சியும் இருக்கும். கவாத்து செய்த 45 நாள் சுமாரில் பூ வரும் என்பதால்தான் கண்காட்சியைத் தை கடைசியில் வைக்கிறோம். புயல் எச்சரிக்கை இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

கிளையை வெட்டியதும் வெட்டுவாயைப் பாருங்கள். நடுத்தண்டு வெண்மையாக இருந்தால் நல்ல கிளை. காப்பி நிறத்தில் இருந்தால் இன்னும் ஒரு கணு கீழே வெட்டுங்கள். வெள்ளை தெரிகிற வரை விடாதீர்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டி, அன்றே போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சண மருந்து) தடவிவிடுங்கள். நம் வெயிலில் மிகவும் தாழ்வாக வெட்ட வேண்டாம், பாதி உயரம் போதும்.

தோட்டத்தை ஒட்டி மிளகாய்க் கொல்லை இருக்கிறது. மாசி, பங்குனியில் ரோஜாத் துளிர் சுருண்டு, மொட்டு பழுப்பாகி விரியாமல் நின்றுவிடுகிறது. நோயா, பூச்சியா?
– சாயல்குடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி

பூச்சிதான். உங்கள் முண்டு மிளகாயின் இலையைச் சுருட்டும் இலைப்பேன் ரோஜாவுக்கும் வரும். மிளகாய்ச் செடி முற்றிக் காயத் தொடங்கும்போது, இளந்துளிர் தேடி உங்கள் ரோஜாவுக்கு வந்துவிடுகிறது. ஒரு வெள்ளைத் தாளின் மேல் மொட்டைப் பிடித்துத் தட்டுங்கள். நூல் துணுக்கு மாதிரி வெளிர் மஞ்சளாக ஏதாவது நகர்ந்தால் அதுதான்.

பாதித்த மொட்டையும் துளிரையும் கிள்ளி, ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கடியில் போடாதீர்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். நீல ஒட்டுப்பொறி அட்டையும் கட்டலாம். மிளகாய்க்கு அடித்த மருந்தையே ரோஜாவுக்கும் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும். தலைக்கு வைக்கிற பூ, வாசலில் பிள்ளைகள் தொட்டு விளையாடுகிற செடி, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கரையில் பாசி ஒதுங்குகிறது, மீன் கழிவும் நிறையக் கிடைக்கிறது. ரோஜாவுக்கு உரமாகப் போடலாமா?
– மண்டபத்திலிருந்து

இரண்டும் அருமையான உரம், உப்பை எடுத்துவிட்டால். கரை ஒதுங்கிய பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு முறையாவது அலசி, வெயிலில் காயவைத்து, சாணத்தோடும் சருகோடும் சேர்த்து மக்கவிடுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்கா. பாறையில் வளர்ந்து நிற்கிற பாசியைப் பிடுங்கினால் மீன் குஞ்சுகளின் வீட்டைப் பிடுங்குகிறோம்.

மீன் கழிவை அப்படியே மண்ணில் புதைத்தால் பூனையும் நாயும் செடியோடு தோண்டிவிடும். மீன் அமிலமாகச் செய்யுங்கள். ஒரு கிலோ பச்சை மீன் கழிவு, ஒரு கிலோ வெல்லம், காற்றுப் புகாமல் மூடி நிழலில் 21 நாளிலிருந்து ஒரு மாதம். தேன் பதத்தில் வடியும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். கருவாட்டுக் கழிவும் கருவாடு அலசிய தண்ணீரும் செடிப்பக்கமே வரக்கூடாது.

கண்காட்சியில் என் பூதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. பரிசு ஒரு சின்னப் பூவுக்குப் போனது. விளக்கம் தருவீர்களா?
– ராமேஸ்வரத்திலிருந்து ஒரு உறுப்பினர்

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. விதிகளை நாங்கள் முன்னாலேயே எல்லோருக்கும் விளக்கியிருக்க வேண்டும், அந்தக் குறை எங்களுடையது. அமெரிக்க ரோஜா சங்கத்தின் மதிப்பெண் முறையைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மொத்தம் 100. பூவின் வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, தண்டுக்கும் இலைக்கும் 20, இதழின் திடத்துக்கு 15, பூவும் தண்டும் பொருந்தி நிற்கிற அளவுக்கு 10, பருமனுக்கு வெறும் 10.

உங்கள் பூ நன்றாக நினைவிருக்கிறது. முழுக்க விரிந்து, நடுவில் மகரந்தம் தெரிந்தது. ஹைப்ரிட் டீ வகைப் பூ (நீண்ட தண்டில் ஒற்றையாகப் பூக்கும் பெரிய ரோஜா) பாதியிலிருந்து முக்கால் வரை விரிந்திருக்கும்போதுதான் அதன் அழகு உச்சத்தில் இருக்கும். நடு மொட்டு கோபுரம் மாதிரி எழும்பி நிற்க, வெளி இதழ்கள் வட்டமாகப் படிந்திருக்க வேண்டும். பரிசு வாங்கிய பூவின் வெளியிதழை நான் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். வெற்றிலை மாதிரி விறைப்பாக இருந்தது. உங்கள் பூவின் இதழ் பத்து மணிக்கே துவண்டுவிட்டது. இலைகளிலும் உப்புப் படிவு இருந்தது.

அடுத்த முறை பூவை முந்தின நாள் மாலையிலோ விடியற்காலையிலோ வெட்டுங்கள். வெட்டியதும் தண்டைக் கழுத்து வரை தண்ணீரில் வைத்து, இருட்டான, குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் விடுங்கள். இலையை மெல்லிய ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். உங்கள் வீடு கடலுக்கு அவ்வளவு பக்கம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் காலையில் இலையைத் தடவிய விரலை நாக்கில் வைத்தாலே கரிக்குமே, அந்த நாட்களில் வாரம் இரண்டு முறை விடியற்காலையில் செடியை நல்ல தண்ணீரால் குளிப்பாட்டுங்கள். சூரியன் ஏறியதும் இலை உலர்ந்துவிட வேண்டும். ஏழு மணி நேரம் போல ஈரம் நின்றால் கரும்புள்ளி நோய் தொற்றிக்கொள்ளும். காற்று வருகிற பக்கம் கிடுகோ பனையோலையோ வைத்துத் தட்டி கட்டினால் பாதிச் சாரல் அதிலேயே நின்றுவிடும்.

ஊட்டியிலிருந்து வாங்கி வந்த செடி மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை. நம் ஊருக்கு எந்த ரோஜா வைக்கலாம்?
– தேவிபட்டினத்திலிருந்து

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 1995-இல் திறந்த அங்குள்ள அரசு ரோஜாப் பூங்காவுக்கு 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு சிறப்பு விருது தந்தது. போய்க் கண்குளிரப் பாருங்கள், செடி மட்டும் வாங்க வேண்டாம். அந்தக் குளிரில் வளர்ந்த வேர் நம் மணல் சூட்டுக்குப் பழகுவது கடினம்.

முதல் செடியாகப் பன்னீர் ரோஜா வையுங்கள். பென்சில் பருமன் குச்சி, முக்கால் அடி நீளம், நாலு கணு, மழைக்காலத்தில் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். ஏர்வாடி தர்காவுக்குப் போகிற பூக்கூடைகளில் அந்த மணம் நமக்கெல்லாம் பழகியதுதானே. அடுத்து எட்வர்ட், ஆந்திரா சிவப்பு. கொத்துப் பூ வேண்டுமானால் வெள்ளை ஐஸ்பெர்க். ஒட்டுச் செடி வாங்கினால், ஏற்கெனவே நம் கரையில் ஒரு கோடையைத் தாண்டிய செடியிலிருந்து ஒட்டியதா என்று கேளுங்கள்.

சங்கத்தில் சேர என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஊரில் தனியாக ஆரம்பிக்கலாமா?
– ஏர்வாடியிலிருந்து ஆறு பேர் சேர்ந்து

தாராளமாக ஆரம்பியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், இன்னும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஒரு வருடம் பதிவு, பதவி என்று எதுவும் வேண்டாம், மாதம் ஒரு வீட்டில் கூடுங்கள் போதும். எங்கள் சங்கமும் அப்படித்தான் வளர்ந்தது. கண்காட்சிதான் ஊருக்குத் தெரிகிறது. செடிகளைக் காப்பாற்றுவது என்னவோ எங்களிடம் இருக்கிற ஒரு நாற்பது பக்க நோட்டுதான். எந்த ஊரில், எந்தக் கிணற்றில், எந்த மாதம், தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று அதில் எழுதி வருகிறோம். ஒரே தெருவில் இரண்டு கிணறுகளுக்கு நடுவே மூன்று மடங்கு வித்தியாசம் பார்த்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் கண் ஒட்டு (ஒரு செடியின் மொட்டுக் கண்ணை எடுத்து இன்னொரு செடியில் ஒட்டுவது) கட்டிக் காட்டுகிறோம், ஆறு பேரும் வாருங்கள். கத்தியும் நாடாவும் இங்கே இருக்கின்றன. நீங்கள் ஆளுக்கு அரை லிட்டர் பாட்டிலில் உங்கள் வீட்டுத் தண்ணீர் கொண்டு வந்தால் போதும். பாட்டிலின் மேல் கிணறா, போரா, எத்தனை அடி ஆழம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள்.