ஃபைஃபின் முத்திரையும் செய்தவர் கைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வசிக்கிறேன். பழம்பொருள் கடையொன்றில் மரத்தாலான ஃபைஃப் (சிறிய குறுக்குப் புல்லாங்குழல்) ஒன்றை வாங்கினேன். இரு முனைகளிலும் பித்தளைப் பூண். உடலில் 'ஃபர்த், பாண்ட் அண்ட் கோ, நியூயார்க்' என்ற முத்திரை. செய்தவர்கள் அவர்கள்தானா? சுருதி சேரவில்லை, துளைகளைச் சற்று அகலப்படுத்தலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துளைகளைத் தொடாதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க்கில் எட்வர்ட் ரைலியிடம் தொழில் பழகி, அவருடைய மகள்களையே மணந்துகொண்ட ஜான் ஃபர்த்தும் வில்லியம் ஹாலும் சேர்ந்து நடத்திய நிறுவனத்திலிருந்து, பின்னர் ஹால் விலகியதும் 1848-இல் உருவானது ஃபர்த், பாண்ட் நிறுவனம். 1863 வரை இப்பெயரில் நடந்ததால், உங்கள் கருவியின் காலம் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கும். அவர்கள் இசைநூல் பதிப்பாளர்களும்கூட. உள்நாட்டுப் போரின்போது முரசு, ஃபைஃப் கலைஞர்களுக்காக ப்ரூஸும் எம்மெட்டும் எழுதிய பயிற்சி நூலை 1862-இல் வெளியிட்டார்கள். ஆகவே அந்த முத்திரை விற்றவர்களின் பெயர். ஏசா ஹாப்கின்ஸ் உங்கள் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டில் தொடங்கிய புல்லாங்குழல் பட்டறை 1840-களில் இவர்கள் கைக்கு வந்தது. அங்கே கடைசல் பிடித்தவர்களில் எவர் பெயரையும் கருவிகளில் பொறிக்கவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஆனாலும் அவர்களின் கைத்திறம் கருவியிலேயே இருக்கிறது. நன்கு உலர்த்திய மரத்தில் முதலில் உட்துளையிட்டு, அதையே அச்சாகக் கொண்டு வெளிப்புறத்தைக் கடைவார்கள். சுவர் எங்கும் ஒரே கனத்தில் அமைவது அதனால்தான். விரல் துளையொன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல் விளிம்பு கூர்மையாக இருக்க, உள்விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு சுரத்தையும் ஊதிக் கேட்டுத் திருத்திய ஒருவருடைய வேலை அது.

சுருதி சேராததற்கும் காரணம் உண்டு. உட்துளை நெடுக ஒரே விட்டமாக இருக்கும் இத்தகைய குழலில் மேல் ஸ்தாயி சற்று இறங்கியே ஒலிக்கும். வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதை ஈடுகட்டுவார். போதாததற்கு, மரம் நெடுக்கைவிடக் குறுக்கில் அதிகம் சுருங்குவதால் வட்டமான விரல் துளை காலப்போக்கில் நீள்வட்டமாகிவிடும். அரம் வைத்து ஒரு துளையை அகலமாக்கினால் அந்தச் சுரம் ஏறும்; அதன் மேல் ஸ்தாயி அதே அளவில் ஏறாது; போன மரமும் திரும்பாது. வாசிப்பதற்குப் புதிய ஃபைஃப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

பூண் தளர்ந்திருந்தால் பசை ஊற்ற வேண்டாம். மெல்லிய நூலை மரத்தின்மீது ஓரிரு சுற்றுச் சுற்றிப் பூணை மெதுவாக ஏற்றினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்