டர்பன் தொப்பி ஏன் வழுக்குகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மிஷின் போட்டு பிளவுஸ் தைப்பவர். கடிதத்தின் சாரம் இது: "பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எனக்கு வாடிக்கை. பாட்டியம்மாவின் 1940களின் புகைப்படம் ஒன்றைக் காட்டி, அதில் அவர் வைத்திருக்கும் டர்பன் தொப்பியைப் போலவே பேத்திக்குத் தைத்துத் தரச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் நடனத்துக்குப் போட வேண்டுமாம். பழைய பட்டுப்புடவையைக் கிழித்து முயன்றேன். மாப்பிள்ளைத் தலைப்பாகை போல வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் பின்பக்கம் வழுக்கிக் கழன்றுவிடுகிறது. முன் முடிச்சு தொங்குகிறது. விறைப்புக்காக உள்ளே பக்ரம் துணி வைத்தேன், வியர்வையில் நமுத்துப்போயிற்று. என்ன துணி, எவ்வளவு வேண்டும், கூலி எவ்வளவு கேட்கலாம்?"

நீங்கள் செய்த பிழை ஒன்றுதான்; மற்றவை எல்லாம் அதன் வால்கள். தலைப்பாகை என்பது கட்டுவது. டர்பன் தொப்பி என்பது தைப்பது. பார்வைக்கு ஏதோ துணியை அலட்சியமாகச் சுற்றிக்கொண்டது போலத் தெரியும். ஆனால் உள்ளே ஒரு முழுத் தொப்பி ஒளிந்திருக்கும். அந்த மடிப்புகள் ஒவ்வொன்றும் அதன்மேல் ஊசியால் நிறுத்தப்பட்டவை. நீங்கள் சுற்றிவிட்டு ஓரத்தைத் தைத்திருக்கிறீர்கள். சவுகார்பேட்டையில் மார்வாடி மாப்பிள்ளைகளுக்கு விற்கும் சாஃபாவை, அதாவது தயார் தலைப்பாகையை, ஒரு முறை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அதிலும் உள்ளே ஒரு கூடு இருக்கும்.

முதலில் புகைப்படத்தை நன்றாகப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் இந்தத் தொப்பியை நெற்றியை மூடி வைக்கவில்லை. முன்மயிரைச் சுருட்டி வெளியே காட்டிவிட்டு, தொப்பியைச் சற்றுப் பின்தள்ளி வைத்தார்கள். உயரம் முன்னால், பின்னால் பிடரி வரை மூடல். பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே 1911 வாக்கிலேயே கீழைநாட்டு மோகத்தில் டர்பனை நாகரிகமாக்கினார் என்றாலும், நாற்பதுகளில் அது பரவியதற்குக் காரணம் போர். தொழிற்சாலைக்குப் போன பெண்கள் கூந்தல் இயந்திரத்தில் சிக்காமலிருக்கத் துணி கட்டினார்கள். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் கூப்பன் வந்தது, தொப்பிக்கு வரவில்லை. மிச்சத் துணியும் ஊசியும் இருந்தால் போதும், ஒரு டர்பன் வந்துவிடும். ஆகவே உங்கள் பெரம்பூர்ப் பாட்டியம்மாவின் தொப்பி பெரிய செலவில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. படத்தில் ஓரம் கலைந்து தெரிந்தால் அது வீட்டில் தைத்தது என்றே நான் நினைப்பேன்.

இனி வழுக்கலுக்கு வருவோம். உங்கள் தலையின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். கழுத்துக்கு மேலே ஒரு மேடு தட்டுப்படும். தொப்பியின் பின் விளிம்பு அந்த மேட்டுக்கு மேலே நின்றால், அது சரிவில் வைத்த குடம், நகரத்தான் செய்யும். மேட்டுக்குக் கீழே இறங்கி விளிம்பு பிடித்துக்கொண்டால் தலையை உதறினாலும் கழலாது. அளவு டேப்பை நடு நெற்றியில் தொடங்கி, காதுகளுக்கு மேலாக, பிடரி மேட்டுக்குக் கீழே கொண்டுவந்து எடுங்கள். பெரும்பாலான பெண்களுக்கு 21 முதல் 23 அங்குலத்துக்குள் வரும். ஒரு முக்கியமான விஷயம்: அந்தப் பெண் நடனத்தன்று எப்படிச் சிகை அலங்காரம் செய்துகொள்ளப் போகிறாளோ, அதே அலங்காரத்தோடு வரச் சொல்லி அளவெடுங்கள். தழையப் பின்னிய சடையோடு எடுத்த அளவு, கொண்டையோடு பொருந்தாது. நம் பெண்களின் கூந்தல் அடர்த்திக்கு அரை அங்குலம் வித்தியாசம் வரும்.

உள்கூட்டுக்கு பக்ரம் வேண்டாம். கடையில் பக்ரம் என்று கேட்டால் சட்டைக் காலருக்கோ திரைச்சீலைக்கோ போடுவதைத்தான் எடுத்துத் தருவார்கள். தொப்பிக்காரர்களின் பக்ரம் வேறு. அது கஞ்சி ஏற்றிய பருத்தி. தண்ணீர் பட்டால் இளகும். அந்த இளக்கத்தில்தான் அதை மரத்தலையில் வைத்து வடிவம் கொடுப்பார்கள். காய்ந்தால் விறைக்கும். லண்டன் குளிரில் அது சரி. காசிமேட்டுக் காற்று வீசும் ஊரில் நெற்றி வியர்த்ததும் அது மறுபடியும் தன் பழைய இளக்கத்துக்குத் திரும்பிவிடும். உங்களுடையது எந்த வகையானாலும், அதில் விறைப்பு கஞ்சியால் வந்ததென்றால் கதை இதுதான்.

அதற்கு பதிலாக, பலமுறை துவைத்த வேட்டித் துணியை இரண்டடுக்காக எடுத்து, நடுவில் விறைப்பான நெட் ஒரு அடுக்கு வையுங்கள். மண்ணடியில் தைத்து விற்கும் தொழுகைத் தொப்பியைக் கவனித்திருக்கிறீர்களா? சுற்றுப் பட்டி ஒன்று, மேல் வட்டம் ஒன்று. நமக்கு வேண்டியதும் அதே அமைப்புதான், வட்டத்துக்கு பதில் முட்டை வடிவம், ஏனென்றால் தலை வட்டமல்ல. தலை அளவு 22½ அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பட்டி 22½ நீளம், 3½ உயரம், தையலுக்கு விடும் துணி தனி. மேல் துண்டு 7 அங்குல நீளமும் 5¾ அகலமும் உள்ள முட்டை வடிவம். இதன் சுற்றளவு ஏறக்குறைய 20 வரும். பட்டியின் மேல் விளிம்பையும் 20க்குக் கொண்டுவர வேண்டும். பின் மையத்தில் பட்டியின் இரு முனையும் சேரும் தையல் இருக்கிறது. மற்ற ஐந்து இடங்களில் சம இடைவெளியில் மேல் விளிம்பில் அரை அங்குல டார்ட் (கூம்பாக ஒடுங்கும் பிடிப்புத் தையல்) பிடித்தால் இரண்டரை அங்குலம் குறைந்துவிடும். கூடு டப்பா போல நிற்காமல் மண்டையோடு உருண்டு உட்காரும். பின் மையத்தில் மட்டும் கீழ் விளிம்பை முக்கால் அங்குலம் கூடுதலாக இறக்கி வளைத்து வெட்டுங்கள். பிடரி மேட்டைத் தாண்டி இறங்கப்போவது அந்த நாக்குதான்.

உள் விளிம்பில் சாட்டின் ரிப்பன் தைக்காதீர்கள். அது வழவழப்பு, அதுவே ஒரு சறுக்குமரம். மேல்நாட்டார் வரிவரியாக நெய்த பருத்தி ரிப்பன் வைப்பார்கள். அது கிடைக்காவிட்டால் பைஜாமாவுக்குப் போடும் ஒரு அங்குலப் பருத்தி நாடா போதும், சொல்லப்போனால் நம் வெயிலுக்கு அதுவே மேல். நாடாவைத் தலையளவுக்குச் சரியாக வெட்டி, கூட்டின் விளிம்பை அதற்குள் சற்றே நெருக்கிச் சேர்த்துத் தையுங்கள். பிறகு எவ்வளவு இழுத்தாலும் விளிம்பு அகலாது.

மேல் துணி. பட்டுப்புடவையை விட்டுவிடுங்கள். ஜரிகை வளையாது, நெற்றியைக் குத்தும். பட்டு, மயிரின் மேல் பட்டால் வழுக்கும். பழக்கமில்லாத கைக்கு மிக எளிது திருப்பூர் பனியன் துணி; இழுத்த பக்கம் வரும், மடிப்பு அழகாக விழும். ஆனால் படத்தில் உள்ள பளபளப்பு வேண்டுமென்றால் கிரேப் அல்லது கொஞ்சம் கனமான ரேயான் எடுங்கள். ஜார்ஜெட் கையில் நிற்காது. வெல்வெட் டிசம்பரில் தாங்கும், ஆனால் ஆடப்போகிற பெண்ணின் தலையில் அதை வைக்க எனக்கு மனம் வராது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு உங்களுக்கு நடக்கிற தூரம். அங்கே இல்லாவிட்டால் பாரிமுனைக்குப் போய்க் கோடவுன் தெருவில் பாருங்கள். 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஒண்ணேகால் மீட்டர் போதும்.

இந்த ஒண்ணேகால் மீட்டரை நேராக வெட்டினால் மறுபடியும் மாப்பிள்ளைத் தலைப்பாகைதான். கிராஸாக வெட்ட வேண்டும். கிராஸ் கட் பிளவுஸ் ஏன் உடம்போடு ஒட்டி நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெய்த துணி பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் நீளாது, மூலைவாட்டில்தான் நீளும். தலை என்பது எல்லாப் பக்கமும் வளைந்த ஒரு பொருள். நீளாத துணி அதன்மேல் சுருங்கி எழுந்து நிற்கும். 44க்கு 44 சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் நீளம் 62 அங்குலம். கோட்டுக்கு இருபுறமும் ஏழேழு அங்குலம் விட்டு வெட்டினால் 14 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள ஒரு நேர்ப்பட்டை ஒட்டில்லாமல் கிடைக்கும். மிச்சம் இரண்டு பெரிய முக்கோணங்கள். கூட்டின் உச்சியை மூட ஒன்று, முடிச்சுக்கு ஒன்று.

வெட்டுவதற்கு முன் சாயத்தைச் சோதியுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு, மணப்பெண்ணின் தோழிகள் நால்வருக்குச் சிவப்புக் கட்டம் போட்ட கைத்தறியில் டர்பன் தைத்தேன். அவசரம், நனைக்கவில்லை. மே மாதம். கோயிலைவிட்டு வெளியே வந்து குழுப்படம் எடுக்கும்போது நால்வர் நெற்றியிலும் குங்குமம் கரைந்த மாதிரி வழிந்திருந்தது. அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள், நான் ஒரு வாரம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. சாயம் விடும் மெட்ராஸ் கட்டத்துக்கு உலகத்தில் தனிப் பெயரே உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இதில் இன்னொரு வேடிக்கை: இங்கிருந்து கப்பலேறிய அந்தக் கட்டத் துணியைக் கரீபியத் தீவுகளான மார்டினிக்கிலும் குவாடலூப்பிலும் பெண்கள் தலையில்தான் கட்டினார்கள். இன்றும் அங்கே அதற்குப் பெயர் 'மத்ராஸ்'. ஆக, இந்த ஊர்த் துணி தலைக்கு ஏறுவது புதிதல்ல. வாடிக்கையாளர் சம்மதித்தால் கட்டத்திலேயே ஒன்று செய்துபாருங்கள். கட்டம் மூலைவாட்டில் விழும்போது வைரம் வைரமாக நிற்கும். ஆனால் ஒரு வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, மேல்துணியின் மீது வைத்து அயர்ன் செய்து, வெள்ளையில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு. உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எல்லாச் சாயத்துக்கும் அது பலிக்காது. வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தலை வாங்க வேண்டாம். சவுரி மாட்டி வைக்கும் தெர்மோகோல் தலை போதும். அது பெரும்பாலும் அளவில் சிறியது. பழைய துண்டைக் கிழித்துச் சுற்றி 22½க்குக் கொண்டுவந்து, கூட்டை மாட்டுங்கள். உச்சியில் முக்கோணத் துண்டைப் பரப்பி ஓரத்தைக் கூட்டோடு பிடித்துவிடுங்கள். பிறகு நீளப் பட்டையின் நடுவைப் பிடரியில் குண்டூசியால் நிறுத்தி, இரு முனைகளையும் காதுக்கு மேலாக முன்னால் கொண்டுவந்து, நெற்றிக்கு நேரே ஒன்றோடொன்று ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி இரு பக்கமும் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் மடித்துச் செருகுங்கள். புடவைக் கொசுவம் போல எல்லா மடிப்பும் ஒரே அகலத்தில் இருக்கக் கூடாது. விரலால் தள்ளித் தள்ளி, ஒன்று தடிப்பாக, ஒன்று மெல்லியதாக விழவிடுங்கள். சமமாக வந்துவிட்டால் நாடக மேடை ராஜா.

இப்போது தைக்காதீர்கள். ஓர் இரவு அப்படியே விடுங்கள். கிராஸ் துணி தன் எடையில் கொஞ்சம் இறங்கும். காலையில் தொய்ந்த இடத்தை மறுபடி இழுத்து நிறுத்தலாம். அன்றே தைத்தால் அந்தத் தொய்வு வாடிக்கையாளர் தலையில் நடக்கும். தைக்கும்போது மடிப்பின் உள்குழியில், வெளியே தெரியாமல், ஒரு நூல் அளவு குத்திக் கூட்டின் உள்பக்கம் நீளமாக எடுங்கள். அங்குலத்துக்கு ஒரு குத்து போதும். நூலை இழுத்து இறுக்கினால் மெத்தையில் பித்தான் வைத்தது போலப் பள்ளம் விழும். ஸ்டீம் அயர்னைத் தொலைவில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். தெர்மோகோலுக்குச் சூடு ஆகாது.

முன் முடிச்சு தொங்கியதற்குக் காரணம், அதன் பாரத்தை மேல்துணி மட்டும் சுமந்ததுதான். முடிச்சைத் தனியாகச் செய்யுங்கள். மீதமிருக்கும் முக்கோணத்தில் 6க்கு 9 அங்குலத்தில் கிராஸாக இரண்டு துண்டு வெட்டி, குழாயாகத் தைத்துத் திருப்பி, ஒன்றுக்குள் ஒன்றைக் கொக்கி போலக் கோத்து இழுத்தால் அழகான முடிச்சு கிடைக்கும். உள்ளே பஞ்சு வைத்தால் கனக்கும். நெட்டைச் சுருட்டி வையுங்கள். பட்டையின் முறுக்கின் மேல் இதை வைத்து, ஊசி நேரே கூடு வரை போய் வரும்படி நாலைந்து இடத்தில் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். காதுகளுக்குப் பின்னால் உள்நாடாவில் இரண்டு சிறிய சீப்புக் கிளிப்பும் தைத்துக் கொடுங்கள். நடனம் என்கிறார்களே!

கூலிக்கு நான் தொகை சொல்ல மாட்டேன். அது தெருவுக்குத் தெரு மாறும். முதல் தொப்பி உங்களிடம் இரண்டு நாள் வாங்கும், மூன்றாவது ஒரே பகலில் முடியும். கைத்தையல்தான் அதிகம் என்பதால், உங்கள் லைனிங் பிளவுஸ் கூலியின் மூன்று மடங்குக்குக் கீழே போகாதீர்கள். துணிச் செலவு தனி. பேத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ஆடி முடித்ததும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி அடைத்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும்.