டாஸிடர்ன்னா என்ன அர்த்தம்? க்வயட்னு சொன்னா போதாதா?

டிக்‌ஷனரில டாஸிடர்ன் (taciturn)ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு 'அமைதியான'ன்னு போட்டிருக்கு, அப்போ க்வயட்னே சொல்லிட்டு போயிடலாமேன்னு கேட்டிருக்கீங்க. அது பத்தாதுங்க. ரூம் க்வயட்டா இருக்கலாம், தெரு க்வயட்டா இருக்கலாம், ஃபேன் கூட க்வயட்டா ஓடலாம், ஆனா டாஸிடர்ன்ங்கறது மனுஷங்களுக்கும் அவங்க சுபாவத்துக்கும்தான், அதுவும் இன்னிக்கு ஒரு நாள் மூட் சரியில்லாம உம்முனு உக்காந்திருக்கறவன சொல்ல மாட்டாங்க. எப்பவுமே அளந்துதான் பேசுவாரு, கேட்டா ஒரு வார்த்தை, கேக்கலன்னா அதுவும் வராது, அந்த மாதிரி ஆளுக்குத்தான் இது.

எங்க பெரியப்பா அப்படித்தான். அண்ணனுக்கு பொண்ணு பாக்க போனப்ப அவர் வாயே தொறக்கல, பொண்ணு வீட்ல பயந்துபோய் பெரியம்மாவ உள்ள கூப்பிட்டு "அவருக்கு புடிக்கலீங்களா"ன்னு கேட்டாங்க, பெரியம்மா சொன்னாங்க "ரெண்டாவது தடவ காபி வாங்கி குடிச்சாரு பாத்தீங்கல்ல, சம்மதம்தான்". அவருக்கு கூச்சம் கெடையாது, கோவமும் கெடையாது, பேச்சு அவ்ளோதான்.

உலகத்துக்கே தெரிஞ்ச ஆள்னா பிசிக்ஸ்ல 1933ல நோபல் வாங்கின பால் டிராக். அவரோட கேம்பிரிட்ஜ் சகாக்கள் மணிக்கு ஒரு வார்த்தை பேசினா அது ஒரு 'டிராக்'னு வெளையாட்டா அளவே வச்சிருந்தாங்க. வீட்ல அப்பா ஃபிரெஞ்சுல மட்டும்தான் பேசணும்னு வச்சிருந்தாராம், ஃபிரெஞ்சுல நெனச்சத சொல்ல வராததால பேசாமயே இருந்துட்டேன்னு டிராக்கே பின்னாடி சொல்லியிருக்காரு. எனக்கு இத படிச்சப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஷை (கூச்சம்)னா பேச ஆசை இருக்கும், தயக்கம் தடுக்கும். ரெட்டிசன்ட்னா விஷயம் உள்ள இருக்கு ஆனா வெளிய விட மாட்டாரு, நம்ம ஊர்ல அழுத்தமான ஆளுன்னு சொல்றோமே கிட்டத்தட்ட அது, மத்த விஷயமெல்லாம் நல்லா பேசிட்டு தன் குடும்பம், பழைய கதைன்னு வந்தா மட்டும் கதவ சாத்திக்கறவங்களையும் அப்படி சொல்லலாம். டாஸிடர்ன்ல இது எதுவும் தேவையில்ல, ஆனா கொஞ்சம் ஒட்டாத ஆளு, மொகம் குடுத்து பேசாதவருங்கற சாயல் வந்துரும். அதனால டீச்சரா இருந்து பசங்களுக்கு சிபாரிசு லெட்டர் எழுதறவங்க தயவுசெஞ்சு இத போடாதீங்க, ரிசர்வ்ட்னு போடுங்க இல்ல க்வயட்னே போடுங்க. ஸ்கூல் மாறி வந்து கொஞ்ச நாளா வாய் தொறக்காத கொழந்தைய டாஸிடர்ன்னு எழுதறது ரொம்ப தப்பு, அந்த கொழந்தையோட சுபாவமே இன்னும் நமக்கு தெரியாது.

உச்சரிப்பு டாஸி-டர்ன், அழுத்தம் மொத எழுத்துல, நடுவுல 'க' சத்தம் வராது. அந்த குணத்துக்கு பேரு டாஸிடர்னிட்டி. பேசாம இருக்கறதுங்கற லத்தீன் வேர்லேந்து வந்தது, ரெட்டிசன்ட்டும் அதே வேர்தான், வாய்விட்டு சொல்லாமயே ஒத்துக்கறத டாஸிட் அப்ரூவல்னு ஆபீஸ்ல சொல்றாங்களே அதுவும் அதேதான்.