வாங்காத கடனுக்கு ஐயாயிரம் கட்டலாமா?

கேள்வி: நான் தையல் வேலை செய்கிறேன். மூன்று வாரமாக ஒருவர் போன் போட்டு, 2019-ல் வாங்கிய பைக் லோனில் 38,400 ரூபாய் பாக்கி என்கிறார். நான் எந்த லோனும் வாங்கியதில்லை. பைக் ஓட்டவும் தெரியாது. "சரி, ஐயாயிரம் கட்டுங்க, ஃபைலை மூடிடறோம்" என்கிறார். என் வீட்டுக்காரரோ "கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இரு" என்கிறார். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. ஐந்து ரூபாய்கூட வேண்டாம். கட்டினால், கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு லாரி டிரைவர் வந்தார். அதே பெயரும் அதே இனிஷியலும் உள்ள வேறொருவரின் கடனுக்கு, தொல்லை தாங்காமல் நாலாயிரம் கட்டியிருந்தார். பிறகு வீட்டுக்கடன் கேட்டபோது, அவருடைய சிபில் அறிக்கையில் (ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கை) அந்தக் கடன் 'செட்டில்டு' என்று நின்றது. முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று அதற்குப் பொருள். அந்த ரசீதை அவர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இனி போன் வந்தால், எந்த நிறுவனத்தின் கடன், லோன் நம்பர் என்ன என்று மட்டும் கேளுங்கள். வசூலிக்க அதிகாரம் தந்த கடிதத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஆதார், பான், ஓடிபி எதையும் சொல்லாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அழைத்த நேரங்களைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் சிபில் அறிக்கையை எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். அதில் இந்தக் கடன் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

முக்கியமான கடிதம் போன் போடும் வசூல் ஏஜென்சிக்கு அல்ல, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். "இந்தக் கடனை நான் வாங்கவில்லை. விண்ணப்பம், போட்டோ, கையெழுத்து, வண்டியின் ஆர்.சி. ஆகியவற்றின் நகலை அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். பைக் லோன் என்பதால் ஆர்.சி.தான் உங்களுக்குப் பெரிய துணை. வண்டி யார் பெயரில், எந்த நிறுவனத்தின் கடனில் வாங்கப்பட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். அவர்கள் அனுப்பும் நகல்களில் உங்கள் ஆதார் நகலும் போலிக் கையெழுத்தும் இருந்தால், அது மோசடி. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448-ஐ அழையுங்கள். கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.