20 சதவீதம் கூடுதல்: எதைவிட?

கேள்வி: எங்கள் வேனின் வளைந்த கூரையில் ஒட்டுவதற்கு, வளையும் சோலார் ஷீட் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். 50 செ.மீ.க்கு 40 செ.மீ., 30 வாட். ‘பாலிமர் செல், ஒளியைச் சிறைபிடிக்கும் நுண்வரிகள், 20 சதவீதம் கூடுதல் திறன்’ என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: நுண்வரிகள் கட்டுக்கதை அல்ல. பாலிமர் செல் என்பது சிலிக்கானுக்குப் பதில் பிளாஸ்டிக் வகைப் பொருளால் ஆன சோலார் செல். அதில் ஒளியை உறிஞ்சும் படலத்தின் தடிமன் சில நூறு நானோமீட்டர்தான். தடிமனைக் கூட்டினால் ஒளி அதிகம் சிக்கும். ஆனால் உருவான மின்னூட்டம் மின்முனையை எட்டாமல் வழியிலேயே வீணாகும். குறைத்தாலோ சிவப்பு ஒளியில் பெரும்பகுதி தப்பிவிடும். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் 2010-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் ஏம்ஸ் ஆய்வகமும் செல்லின் அடித்தளத்தில் வயல் வரப்புபோல மேடுகளை எழுப்பின. உயரம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. மேட்டிலும் பள்ளத்திலும் படலம் ஒரே சீராகப் படிய வேண்டும், அதுதான் கடினமான வேலை. சிவப்பு, அகச்சிவப்பு எல்லையில் உறிஞ்சல் இரு மடங்கானது. மொத்தத் திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 20 சதவீதம் உயர்ந்தது.

எதைவிட? தட்டையான பாலிமர் செல்லைவிட! 5 சதவீதத் திறன் 6 ஆகும், 25 ஆகாது. விளம்பரக்காரர்கள் விழுங்கிவிடுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

இனி உங்கள் ஷீட். பரப்பு 0.2 சதுர மீட்டர். வாட் கணக்கிடும் சோதனையில் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, ஆக இதன்மேல் 200 வாட் விழும். அதில் 30 வாட் என்றால் திறன் 15 சதவீதம். ஆய்வகத்தில் நகத்தளவு பாலிமர் செல்கள் 19 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. பெரிய ஷீட்டாக அச்சிடும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். எனவே உங்களுக்கு வரப்போவது பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த மெல்லிய சிலிக்கானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கருநீலக் கட்டங்களும் அவற்றின்மேல் மெல்லிய வெள்ளிக் கோடுகளும் தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

சிலிக்கான் என்றால் மோசம் என்று பொருளல்ல. வேனுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் எவ்வளவு வளைக்கலாம் என்று கேளுங்கள். மிஞ்சினால் உள்ளே விரிசல் விழும். உண்மையிலேயே பாலிமர்தான் என்று விற்பவர் சாதித்தால், ஈரமும் ஆக்சிஜனும் அதற்குப் பகை. எத்தனை ஆண்டுக்கு எத்தனை வாட் உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் வாங்க வேண்டாம்.